இல்லம் என்று பெயர் வைத்தால் இல்லமாக நடத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டெம்பர் வருகிறது, கொழும்பில் சர்வதேசப் பாடசாலைகள் பலவற்றில் புதிய கல்வியாண்டு தொடங்கப்போகிறது. இந்த நாட்களில் எத்தனையோ தாய் தகப்பன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு பாடசாலை அலுவலகத்தில் நின்று சீருடைக்கு அளவு கொடுப்பார்கள், கட்டணச் சீட்டை மடித்துப் பைக்குள் வைப்பார்கள். அவர்களும் இந்தப் பாடசாலைகளை நடத்துபவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். ஹவுஸ் என்று அங்கே சொல்கிறார்களே, எங்கள் பாடசாலைகளில் இல்லம் என்று சொன்னோமே, பிள்ளைகளை நிறம் வைத்துப் பிரித்துப் போட்டிகளில் புள்ளி சேர்க்க வைக்கிற அணி, அது புதிதாக வருகிற பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பது.

நாங்கள் கட்டாரில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அங்கே ஆங்கிலத்தில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் படித்தவளை இடையில் கொண்டுவந்து அரச பாடசாலையில் சேர்ப்பது நடக்கிற காரியமாக இருக்கவில்லை, அதனால் கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் ஜனவரியில், இரண்டாம் தவணைத் தொடக்கத்தில் சேர்த்தோம். பெயர் சொல்லப்போவதில்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், படிப்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சேர்ந்த இரண்டாம் நாள் மின்னஞ்சல் ஒன்று வந்தது: உங்கள் பிள்ளை நீல இல்லம், வெள்ளிக்கிழமைகளில் இல்ல ரீசேர்ட் கட்டாயம், பாடசாலைக் கடையில் வாங்கலாம். அவ்வளவுதான். நீல இல்லத்தில் யார் இருக்கிறார்கள், யார் தலைவர், எந்த ரீச்சரிடம் போய்ப் பேசலாம், ஒன்றும் இல்லை. பிள்ளையை இல்லத்தில் சேர்த்தது கணினி, அதைச் சொன்னது மின்னஞ்சல்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் புதுப் பிள்ளைகள் ஐந்து பேரை மேடையில் ஏற்றினார்கள். பெயர், வந்த நாடு, தங்களைப் பற்றி வேடிக்கையான ஒரு விஷயம் என்று மூன்றையும் ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும். எங்கள் மகளின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அவள் சரியாகத்தான் சொன்னாள். கூட்டத்தை நடத்திய மாணவர் தலைவர் அதைத் திருப்பிச் சொல்லப் பார்த்து, வராமல், மறுபடியும் பார்த்து, கடைசியில் சிரித்துவிட மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை, பதினாறு வயதுப் பெடியன். ஆனால் பெயர்ப் பட்டியல் இரண்டு நாள் முந்தியே அலுவலகத்தில் இருந்தது. ஒருவர் அவளைக் கூப்பிட்டு, பிள்ளை, உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேணும் என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் தன்னை வேறு பெயரால் கூப்பிடச் சொல்லலாமா என்று கேட்டாள். அந்தப் பெயர் எங்கள் அம்மா வைத்தது.

அப்புறம் இடைவேளையில் இல்லத்துக் கோஷம். நீல இல்லத்துப் பெரிய பிள்ளைகள் சிலர் புதியவர்களை ஒரு வாங்கில் ஏற்றி நிறுத்தி கோஷத்தைச் சொல்லச் சொல்வார்கள். பிழைத்தால் திரும்ப முதலில் இருந்து. மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். வகுப்பாசிரியரிடம் கேட்டபோது, இது வருடா வருடம் நடக்கிறதுதான், நாங்கள் எல்லாரும் இப்படித்தான் சேர்ந்தோம், இதனால்தான் இல்லப் பற்று வருகிறது என்றார். மனம் வைத்துத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் பகிடிவதைக்கு எதிராக 1998இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டி வந்த நாடு இது. பல்கலைக்கழகங்களில் எத்தனை பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். அங்கேயும் இதே பேச்சுத்தான் பேசினார்கள், நாங்களும் இப்படித்தான் சேர்ந்தோம் என்று. வாங்கில் ஏற்றிக் கோஷம் சொல்ல வைப்பதும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அதற்கும் இதற்கும் தூரம் நிறைய. இருந்தாலும் பயந்து நிற்கிற பிள்ளையைச் சுற்றி நின்று சிரிப்பதை ஒரு பாடசாலை வரவேற்பு என்று பழக்கக் கூடாது.

என்னை உண்மையில் உலுக்கியது இவை ஒன்றும் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை அவளுடைய அளவில் நீல ரீசேர்ட் கடையில் இருக்கவில்லை, அடுத்த கிழமை வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டையோடு போனாள். சீருடை பார்க்கிற மாணவத் தலைவி கொப்பியில் குறித்துக்கொண்டு போக, பின்னேரம் நீல இல்லத்துக்கு ஐந்து புள்ளி குறைந்திருந்தது. நடைபாதைப் பலகையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. இரவு பத்து மணிக்குப் பார்க்கிறேன், பிள்ளை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறது. யாராவது ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன். "இல்லை அம்மா, நான் வந்ததால அவையளுக்கு அஞ்சு புள்ளி போச்சுது" என்றாள். கவனியுங்கள், எங்களுக்கு என்று அவள் சொல்லவில்லை, அவையளுக்கு என்றுதான் சொன்னாள். இல்லத்தில் சேர்த்து ஐந்து நாள் ஆகியும் அவள் அந்த இல்லத்துக்கு வெளியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. ஏனென்றால் நானும் அதே பன்னிரண்டு வயதில் இடையில் போய் ஒரு பாடசாலையில் சேர்ந்தவள். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் வலிகாமமே எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தோம். கடைசியில் வடமராட்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். சில வாரம் கழித்து அங்கேயிருந்த பாடசாலையில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பறை போதாது, மாமரத்துக்குக் கீழே பாடம், என்னிடம் இருந்ததோ ஒரு கொப்பிதான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எங்களைவிட நாலு வயது மூத்த ஒரு அக்கா வந்தா. கையில் ஒரு பழைய பதிவுப் புத்தகம். இடம்பெயர்ந்து வந்த எங்கள் மூன்று பேரின் பெயரையும் கேட்டு எழுதினா, எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, சரியோ என்று கேட்டா. பிறகு சொன்னா: "நீங்கள் மூண்டு பேரும் இனி எங்கட இல்லம். நாளைக்கு வளவு கூட்டுற முறை எங்கட. ஏழு மணிக்கு வந்திடுங்கோ."

மறுநாள் போனோம். ஆளுக்கொரு ஈர்க்குமாறு தந்தா. கூட்டி முடிந்ததும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் கால் கழுவத் தண்ணீர் அள்ளி ஊற்றினா. தான் கொண்டுவந்த புட்டை வாழையிலையோடு விரித்து எல்லாரோடும் சேர்த்து எங்களுக்கும் பங்கு வைத்தா. அந்த வருடம் அங்கே இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கவில்லை. புள்ளி இல்லை, கிண்ணம் இல்லை, ஓடுவதற்கு மைதானம் இல்லை, அதில் கூடாரம் போட்டுச் சனம் இருந்தது. ஆனால் எனக்கு இல்லம் இருந்தது. நாளைக்கு நீ வராவிட்டால் ஒரு ஆள் குறையும் என்று ஒருவர் சொல்லிவிட்டா. இன்றைக்கு அந்த அக்கா எங்கே இருக்கிறா என்று தெரியாது, ஆனால் அந்தக் கிணற்றடியை மறக்கமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இல்லம் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. தை மாசி வந்துவிட்டால் இல்ல மெய்வல்லுநர் போட்டி. மைதான ஓரத்தில் இல்லத்துக்கு ஒரு குடில் போட்டு அதைச் சோடிக்க வேண்டும், அதற்கும் புள்ளி உண்டு. தென்னோலை ஒரு வீட்டில் இருந்து, சேலைகள் இன்னொரு வீட்டில் இருந்து, ரிஜிபோம் வெட்ட ஒரு அண்ணா, மின்குமிழ் மாலை கட்ட யாருடையோ மாமா. கோபுரம் எழும்பும், கப்பல் எழும்பும், ஒரு முறை எங்கள் மஞ்சள் இல்லம் பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்த மாதிரி வாசல் செய்தது. ஓடத் தெரியாத, பாடத் தெரியாத பிள்ளைக்கும் அதில் வேலை இருந்தது, பசை காய்ச்சுவதாவது. அணிநடையில் கால் பிசகினாலும் மாலையில் குடிலுக்குள் வந்து இருந்தால் ஒரு தம்ளர் சர்பத் கிடைக்கும். பெயர்களைப் பாருங்கள், யாழ் இந்துவில் காசிப்பிள்ளை, சபாபதி, நாகலிங்கம் என்று அந்தப் பாடசாலையைக் கட்டி எழுப்பியவர்கள் இல்லங்களாக இருக்கிறார்கள். கொழும்பு றோயலில் மார்ஷ், போக், ஹார்ட்லி என்று பழைய அதிபர்கள். அண்ணன் இருந்த இல்லத்தில்தான் தம்பியும் என்று பல பாடசாலைகளில் பார்த்துச் சேர்ப்பார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த முறைதான், ஆனால் எங்கள் கையில் அது உண்மையாகவே இல்லமாக ஆனது.

வெள்ளைக்காரரிடமும் அது போட்டிக்காகத் தொடங்கியதல்ல என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரியை 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் தொடங்கினார். 70 பிள்ளைகளுக்கு அரச செலவில் உள்ளேயே இடம். பணம் கட்டிப் படிக்க வெளியூரில் இருந்து வந்த மற்றப் பிள்ளைகள் ஊருக்குள் வீடுகளில் தங்கினார்கள். அந்த வீடுகள் சிலவற்றைப் பெண்கள் நடத்தினார்கள், அவர்களை டேம் என்பார்கள். சோறு போட்டு, துணி பார்த்து, காய்ச்சல் வந்தால் கவனித்தவர்கள் அவர்கள். பிறகுதான் ஆசிரியர்கள் வீடுகளைப் பொறுப்பெடுத்து ஹவுஸ் மாஸ்டர் என்ற பதவி உறுதியானது. இன்றும் அங்கே ஒவ்வொரு ஹவுஸிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு டேம் என்றுதான் பெயர். அதாவது ஹவுஸ் என்ற சொல் தாய் வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குச் சாப்பாடும் படுக்கையும் கிடைத்த இடத்துக்கு வந்த பெயர். நாலு நிறமும் புள்ளிப் பலகையும் அதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. விடுதியே இல்லாத பகல் பாடசாலைகள் அந்த முறையை எடுத்தபோது சோறு போடுகிற பகுதியை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டன.

சர்வதேசப் பாடசாலைக்கு இது மற்ற எந்தப் பாடசாலையையும்விட முக்கியம். இந்த வகைப் பாடசாலையே இடம் மாறுகிற குடும்பங்களுக்காக உண்டானது. 1924இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேசப் பாடசாலை, அங்கே ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் தொடங்கியது. எங்கள் கொழும்பில் 1957இல் இருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாடசாலை இருக்கிறது. இன்றைக்கு இவற்றில் உள்ளூர்ப் பிள்ளைகள்தான் கூட, அது தெரியும். அவர்களோடு தூதரகக் குடும்பங்கள், ஐ.நா. ஆட்கள், படிப்புக்காகவே தெஹிவளையிலும் கல்கிசையிலும் வந்து இருக்கிற மாலைதீவுக் குடும்பங்கள், கனடாவிலோ வளைகுடாவிலோ இருந்து திரும்பிய எங்கள் சனம். ஜனவரியில் ஒருவர் வருவார், மார்ச்சில் இருவர் போவார்கள். வருட நடுவில் வருகிற பிள்ளை இங்கே வழக்கம். ஆனால் வரவேற்பு எல்லாம் செப்டெம்பருக்கு மட்டும் செய்து வைத்திருக்கிறார்கள், பலூன், பதாகை, படம் எடுக்கச் சட்டகம். மார்ச் 11ஆம் திகதி புதன்கிழமை வருகிற பிள்ளைக்கு அலுவலகத்தில் ஒரு நேர அட்டவணை கொடுப்பார்கள்.

அரச பாடசாலைகளில் கால்கோள் விழா நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரம் ஒன்றுக்கு வருகிற பிள்ளைகளைத் தரம் இரண்டுப் பிள்ளைகள் மாலை போட்டுக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள். எத்தனையோ உரைகள், பிரதம விருந்தினர், அதெல்லாம் நீளம்தான். ஆனால் கையைப் பிடிக்கிற அந்தப் பிள்ளை போன வருடம் தானே அழுதுகொண்டு வந்த பிள்ளை, அதுதான் அதில் உள்ள விஷயம். கட்டணம் வாங்காத பாடசாலை இதைச் செய்கிறது. தவணைக்கு லட்சக்கணக்கில் வாங்குகிற பாடசாலையால் ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் ஒன்றும் இல்லை. புதிதாக வருகிற பிள்ளைக்கு அதே இல்லத்தில் ஒரு வயது இரண்டு வயது மூத்த ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள், முதல் இரண்டு கிழமை மதியச் சாப்பாட்டை அவர்கள் ஒன்றாகச் சாப்பிடட்டும். சாப்பாட்டைத்தான் குறிப்பாகச் சொல்கிறேன். பாடம் நடக்கும்போது தனிமை தெரியாது, சாப்பாட்டு மண்டபத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு எந்த மேசை என்று தெரியாமல் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில்தான் தெரியும். இல்லப் பொறுப்பாசிரியர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கட்டும். முதல் தவணையில் புதுப் பிள்ளையால் இல்லத்துக்குப் புள்ளி குறைகிற வழக்கத்தையே எடுத்துவிடுங்கள், அந்தப் பிள்ளை வந்ததற்காக இல்லத்துக்குப் புள்ளி கூட்டினாலும் தப்பில்லை. பெயரைக் கேட்டுப் பழகுங்கள், எங்கள் ழகரத்தை மட்டும் சொல்லவில்லை, கொரியப் பெயர், சிங்களப் பெயர், அரபுப் பெயர் எல்லாவற்றையும். கோஷம் இருக்கட்டும், எனக்கும் கோஷம் பிடிக்கும், இல்லம் முழுக்க ஒன்றாக நின்று சொல்லுங்கள், புதியவர் நடுவில் நின்று வாயசைத்தால் போதும், தானாக வரும். அதோடு போகிற பிள்ளையையும் நினையுங்கள். மூன்று வருடம் நீல இல்லத்தில் ஓடிய பிள்ளை ஜூனில் நாடு மாறிப் போகும்போது பலகையில் இருந்து பெயரை அழிப்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

இதை ஏன் பத்திரிகைக்கு எழுத வேண்டும், பாடசாலையிலேயே பேசலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். நாகரிகமாகக் கேட்டுக்கொண்டார்கள், குறித்துக்கொண்டார்கள். ஆனால் பெற்றோருக்கு அதற்கு மேல் போக இடமில்லை. 1960, 1961 சட்டங்களோடு உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பெடுத்தது, புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியும் அடைபட்டது. பின்னால் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகத்தான் பதிவாகின. அரச பாடசாலைக்குப் போகிற கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இங்கே வராது, வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் முறையிடவும் முடியாது. பிள்ளைக்குப் பெரிய கொடுமை நடந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஐந்து புள்ளிக்கும் ஒரு ழகரத்துக்கும் யாரும் 1929க்கு அடிக்கப் போவதில்லை, அடிக்கவும் கூடாது. அப்படிப்பட்ட விஷயங்களைப் பாடசாலை தானாக நினைத்துத் திருத்தினால்தான் உண்டு.

எங்கள் மகளுக்கு விடிந்தது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கிழமை, சாப்பாட்டு மண்டபத்தில், தரம் 9 படிக்கிற ஒரு மாலைதீவுப் பிள்ளை தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்ததாம். போன வருடம் தானும் இதே மேசையில் தனியாக இருந்தேன் என்று சொன்னதாம். பிறகு ஒரு கடதாசியில் அவளுடைய பெயரை எழுதச் சொல்லி, அந்த எழுத்துக்கு நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டுப் பழகியிருக்கிறது. அந்தப் பிள்ளையை யாரும் அனுப்பவில்லை. பச்சை இல்லம் அது. அடுத்த நாள் மகள் மாசிச் சம்பல் போட்ட பணிஸ் இரண்டு கட்டித் தரச் சொன்னாள், ஒன்று அவளுக்கு, ஒன்று அந்த அக்காவுக்கு. மாசிக் கருவாடு அவர்களுடைய கடலில் இருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைதான் சொல்லியிருக்கிறது.

இப்போது தவணை முடிந்துவிட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டது, அந்த நீல ரீசேர்ட் கட்டையாகிவிட்டது. நேற்று அதைத் தோய்த்து, மடித்து, ஒரு பையில் போட்டுத் தந்தாள். செப்டெம்பரில் நீல இல்லத்துக்கு வருகிற யாருக்காவது கடையில் அளவு இல்லாமல் போனால் கொடுக்கச் சொல்லி அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம். பைக்குள் தன் பெயரையும் வகுப்பையும் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோர மேசைக்கு வரச் சொல்லி ஒரு துண்டும் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய்